எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் கேட்க வேண்டியது: சிறுநீர் சரியாகப் போகிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகு வலி பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களுக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எல்-4, எல்-5 இடையே ஜவ்வு விலகியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா?" எழுதியவரின் வயது இருக்காது. வலி வந்து எத்தனை நாள், காலுக்கு இறங்குகிறதா, மரத்துப் போகிறதா, காய்ச்சல் உண்டா, எதுவும் இருக்காது. படம் முந்திக்கொள்கிறது, ஆள் பின்னால் வருகிறார். இதனால், ஸ்கேனே தேவைப்படாத ஒருவர் அதை எடுத்துவிட்டுப் பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கிறார். அன்று இரவே மருத்துவமனைக்கு ஓடி வந்திருக்க வேண்டிய இன்னொருவரோ, "இடுப்புப் பிடிப்புதானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அந்த இரண்டாமவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

வலியின் கடுமையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வெறும் தசைப்பிடிப்பு ஆளை நிமிர விடாது, இருமினால் உயிர் போவது போலிருக்கும், ஆனாலும் ஒன்றிரண்டு வாரத்தில் விட்டுவிடும். முதுகெலும்பில் காசநோய் பிடித்தவர் மாதக்கணக்கில் மந்தமான வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஆகவே வலி எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மிக அவசரமானது இது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை ஓடுவதில்லை. முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்கும். பார்ப்பதற்குக் குதிரை வால் போலிருப்பதால் மருத்துவத்தில் அதற்குப் பெயரும் அதுதான். கால்களுக்குப் போகும் நரம்புகளோடு சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றை ஆளும் நரம்புகளும் அதே கற்றைக்குள் இருக்கின்றன. ஜவ்வு ஒரு பக்கமாகப் பிதுங்கினால் ஒரு காலில் வலி வரும். நட்ட நடுவில் பெரிதாகப் பிதுங்கினால் இந்தக் கற்றை மொத்தமாக நசுங்கும்.

அப்போது என்ன தெரியும்? இரண்டு கால்களிலும் வலி இறங்கும், அல்லது ஒரு காலில் இருந்த வலி மறு காலுக்கும் தாவும். பைக் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம், அதாவது ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் தொடையின் உட்பக்கத்திலும் மரத்துப் போகும். கழுவும்போது தண்ணீர் பட்டதே தெரியவில்லை என்பார்கள். சிறுநீர் வரத் தாமதமாகும், முக்க வேண்டியிருக்கும். பிறகு பை நிரம்பியதே தெரியாமல் சொட்டத் தொடங்கும். மலம் தன்னறியாமல் போகலாம். ஆண்களுக்கு விறைப்பு நின்றுபோகலாம். இதில் எதையும் நோயாளி தாமாகச் சொல்வதில்லை, பெண்கள் நிச்சயமாகச் சொல்வதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு மூத்திரம் அடைத்தால் "சூடு" என்று இளநீர் கொடுக்கிறார்கள், அறுபது வயதுக்காரர் என்றால் புராஸ்டேட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுகு வலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது கூடாது. 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகுத்தண்டு அறுவை செய்யக்கூடியவர்களும் உள்ள மருத்துவமனைக்கு, பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நேரே போக வேண்டும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கியவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு தெளிவாகக் கூடுதல் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. 48 மணி இருக்கிறதே என்று காத்திருக்கச் சொல்லும் கணக்கு இல்லை அது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் தாமதமானால், சிறுநீர் கழித்த பிறகு வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கலாம். 200 மில்லிக்கு மேல் தங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதற்கு அடுத்தபடி அவசரம், கால் தளர்வது. வலி வேறு, வலு இழப்பது வேறு. நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று விழுகிறதா, தரையில் கால் நுனி தட்டுகிறதா என்று கவனியுங்கள். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலில் பத்தடி, பிறகு கால் நுனியில் பத்தடி நடக்க வேண்டும். குதிகாலில் நடக்கும்போது ஒரு பாதம் மேலே தூக்க வராமல் தொங்கினால் பெரும்பாலும் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் அழுந்துகிறது. நுனிக்காலில் எம்ப முடியாவிட்டால் அதற்கு அடுத்த வேர். இதைப் பார்த்த அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போக வேண்டும், வாரக்கணக்கில் விடக்கூடாது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: காலில் வலி சட்டென்று குறைந்து, அதே நேரம் மரப்பும் தளர்ச்சியும் கூடினால் குணமாகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நரம்பு செய்தி அனுப்புவதையே நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை, ஆனால் மாதக்கணக்கில் விடவும் கூடாது என்ற வகையில் நம் நாட்டில் முதலில் நிற்பது முதுகெலும்புக் காசநோய். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-இல் விவரித்ததால் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மேலைநாட்டுக் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்து எழுதும் கட்டுரைகளில் இந்த நோய் ஒரு வரியில் கடந்துபோவது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இருமல் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சளியில் கிருமி இல்லாமல் போகலாம், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். இரவில் படுத்தும் ஓயாத வலி, சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, பசியின்மை, சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு எடை குறைவது, முதுகில் ஓரிடத்தில் தட்டினால் சுருக்கென்று வலிப்பது ஆகியவையே அடையாளம். முதுகெலும்பு எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் படத்தில் பிடிபடும். இவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. முடிந்தவரை ஊசி மூலம் திசு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க வேண்டும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் விடாமல் சாப்பிட வேண்டும். தாமதமானால் எலும்பு நொறுங்கிக் கூன் விழும், சீழ் தண்டுவடத்தை அழுத்திக் கால்கள் விழுந்துபோகும்.

புற்றுநோய் வரலாறு உள்ளவர், குறிப்பாக மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, புதிதாக முதுகு வலி என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று எழுதிவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்கு முன் சரியாகிவிட்டது என்பதும் சமாதானமாகாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், டயாலிசிஸ் செய்பவர் ஆகியோருக்கு வலியோடு காய்ச்சல் வந்தால் காசநோய் அல்லாத சீழ்த்தொற்றும் இருக்கலாம்.

அறுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு முறிவு. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுவது தெரிந்த கதை. தெரியாதது, பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் தூக்கிப் போட்டாலே முள்ளெலும்பு நசுங்கும் என்பது. வீசிங்குக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு எந்த அடியும் இல்லாமலே முறியும். மருந்துக் கடையில் "நாலு மாத்திரை" கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுப்பதில் ஒன்று ஸ்டீராய்டாக இருப்பது பலருக்குத் தெரியாது. இவர்களுக்கு முதலில் சாதாரண எக்ஸ்ரே போதும்.

இளைஞர்களுக்கு வேறொன்று. நாற்பதுக்குக் கீழே, மெதுவாகத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி. காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இரும்பு போல் விறைத்திருக்கும், நடமாடினால் இளகும், ஓய்வெடுத்தால் கூடும். பின்னிரவில் எழுப்பிவிடும். பிட்டத்தில் இடம் மாறி மாறி வலிக்கும். சிலருக்குக் கண் சிவந்து கூசும். இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி. ஜவ்வுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் சரியாகக் காட்டாமல் போகலாம், "நார்மல்" என்று வந்துவிடும். மூட்டழற்சி நிபுணரிடம் போக வேண்டிய நோய் இது, எலும்பு வளைந்து ஒட்டிப்போகும் முன்பே கட்டுப்படுத்த மருந்து உண்டு.

முதுகே காரணமில்லாத முதுகு வலிகளும் உண்டு. விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி, புரண்டாலும் எழுந்தாலும் நிம்மதி தராமல் வாந்தியோடு வந்தால் சிறுநீரகக் கல். புகைபிடிக்கும் அறுபது வயதுக்காரருக்குத் திடீரென முதுகும் வயிறும் சேர்ந்து வலித்து, வியர்த்து மயக்கம் வந்தால் வயிற்றுப் பெருந்தமனி கிழிந்திருக்கலாம். 108-ஐ அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பும் முதுகும் முறிவது போல் வலித்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அது இல்லை என்று உறுதியாகும் வரை டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவைத் தூண்டும். அங்கே பாராசிட்டமால் மட்டுமே.

இனி மீதிப் பேர். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குறிப்பாக இந்த எலும்பு, இந்த ஜவ்வு என்று கைகாட்ட ஒரு நோயும் இருக்காது. புதிதாக வரும் வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன அடையாளங்கள் இல்லாதவருக்கு அதுவரை ஸ்கேன் எதையும் மாற்றப் போவதில்லை. கெடுதல் செய்யவும் கூடும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை வைத்து 2015-இல் வெளியான தொகுப்பாய்வில், 20 வயதில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம். தலையில் நரைத்த முடியைப் போன்றதுதான் இது. ஆனால் "தேய்மானம்" என்ற சொல்லைக் கேட்டவர் அன்று முதல் குனிவதில்லை, பேரனைத் தூக்குவதில்லை, தசை இளைத்து வலி நிரந்தரமாகிவிடுகிறது. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் மட்டமும் காலில் வலி இறங்கும் வழியும் பொருந்தினால்தான் அந்தப் பிதுக்கத்துக்கு மதிப்பு. காலின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரலுக்கு வந்தால் ஐந்தாம் இடுப்பு வேர், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரலுக்கு வந்தால் அதற்குக் கீழுள்ளது. வலது காலில் வலி இருக்க, இடப்பக்கப் பிதுக்கத்தைப் படத்தில் காட்டி அறுவை பேசினால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

பொருந்தினாலும் உடனே கத்தி தேவையில்லை. பிதுங்கிய ஜவ்வு பெரும்பாலானோருக்குத் தானாகச் சுருங்கும். விந்தை என்னவென்றால் பெரிதாக உடைந்து வெளியே வந்தவைதான் அதிகம் கரைகின்றன, உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு அரித்துவிடுகிறது. நெதர்லாந்தில் சயாட்டிகா, அதாவது காலுக்கு இறங்கும் நரம்பு வலி, உள்ள 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி சீக்கிரம் குறைந்தது, ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலை. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆறு முதல் எட்டு வாரம் முறையாகச் சிகிச்சை எடுத்தும் கால் வலி தாங்க முடியாதவருக்கு அறுவை நல்ல வழி. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு ஜவ்வு அறுவை அந்த அளவு பலன் தராது.

வீட்டில் செய்யக்கூடியவை. முதல் ஓரிரு நாள் வலி அதிகமானால் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துக் கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைக்கலாம். ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அதற்கு மேல் படுக்கை வேண்டாம். பின்லாந்தில் 1995-இல் வெளியான ஆய்வில், படுத்திருந்தவர்களையும் உடற்பயிற்சி செய்தவர்களையும் விட, தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்தால் போதும். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் இதமாக இருக்கும். மரத்த இடத்திலும் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்கும் வேண்டாம், தோல் வெந்துபோவது தெரியாது.

இரவில் ஜவ்வு நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும், காலையில் நாம் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் வாசல் பெருக்குவது, குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். சமையல் கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ வரும். அதைத் தனியாகத் தூக்கித் திரும்புவதை விடத் தரையோடு சாய்த்து உருட்டுவது நல்லது. எதைத் தூக்கினாலும் உடம்போடு ஒட்டிப் பிடிப்பதும், தூக்கிய நிலையில் இடுப்பை முறுக்காமல் காலை மாற்றி வைத்துத் திரும்புவதும் முக்கியம்.

மாத்திரை: பாராசிட்டமால் மட்டும் கீழ்முதுகு வலி குணமாவதை விரைவுபடுத்துவதில்லை என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டிவிட்டது. ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை, ஒரு வாரத்துக்கு மிகாமல், மருத்துவர் சொன்னபடி. சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதய நோய் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென நின்றுபோகலாம். இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு பெயர் மாத்திரைகளுக்குள் ஒரே மருந்து இருப்பது நாள்தோறும் காணும் தவறு. "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்பதும் வேண்டாம். பிட்டத்தில் தவறான இடத்தில் போட்ட ஊசி சயாட்டிக் நரம்பைக் குத்திப் பாதத்தைத் தொங்க வைத்திருக்கிறது. நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், சயாட்டிகாவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை என்று 2017-இல் தெரிந்த பிறகும் சீட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. அதன் தலைசுற்றலில் முதியவர்கள் விழுகிறார்கள்.

சில ஊர்களில் காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பார்கள். நம்பிக்கையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் வயதானவர், கால் மரத்தவர், காய்ச்சல் உள்ளவர் முதுகில் யாரும் ஏற வேண்டாம். நசுங்கிய எலும்பை அது நொறுக்கிவிடும். சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசியால்தான் பத்து வருடமாக வலி என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். பிறகு வருவது கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசையாலும், கூன் போட்டுப் பாலூட்டுவதாலும், பிள்ளையை ஒரே இடுப்பில் சுமப்பதாலும்தான். இடுப்பு பெல்ட்டை நீண்ட பயணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், திரும்ப வலி வராமல் அது தடுக்காது. தடுப்பது நடை. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், படிப்படியாகக் கூட்டி வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தவர்களுக்கு அடுத்த வலி வர 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள்.

வெளியே வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வலி தொடங்கிய தேதி, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, கடந்த மூன்று மாதத்தில் எடை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன் உறை மறந்துபோனாலும் பரவாயில்லை, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளை மட்டும் வெறும் அட்டையாக இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரும் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரும்,
மதுரை.